கழுவின காசு

இருபத்திரண்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் டோக்கன் முப்பத்தொன்று. நடுவில் எட்டுப் பேர், ஆளுக்கு எட்டு நிமிஷம் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இருபத்தாறு வருஷம் கண்டக்டராக நின்றவன் புத்தி, எதைக் கண்டாலும் பெருக்கிப் பார்த்துவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் என் மகள் குழலியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். பெரிய வாக்கியம் ஒன்றும் இல்லை. அம்மா, காசையெல்லாம் நான் கெடுத்துட்டேன். அவ்வளவுதான். அவள் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் அந்த விஷயம் என் காதில் விழுந்தது. நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தால் விழுந்திருக்காது. இருபத்தொன்றாம் டோக்கன்காரர் எழுபது வயசுக்காரர், சலவைச் சட்டை, பிஸ்கட் டப்பா நிறையக் காசு கொண்டுவந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மதிப்புச் சொல்கிற அம்மாள் கோயம்புத்தூர்க்காரர். அவர் ஒரு விலை சொன்னால் இந்த மண்டபத்தில் கடை போட்டிருக்கிற அத்தனை வியாபாரியும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொள்வார்களாம். அந்த அம்மாள் டப்பாவிலிருந்து ஒரு செப்புக்காசை எடுத்தார், இரண்டு தரம் திருப்பினார், கீழே வைத்துவிட்டார். "இது கழுவின காசுங்கய்யா" என்றார். பெரியவருக்குச் சந்தோஷம். "ஆமாம்மா, எல்லாமே சுத்தமா வச்சிருக்கேன்." அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கறுப்பு அழுக்கு இல்லீங்க. அது காசோட தோலு. நூறு வருசம் காத்தும் கையும் பட்டு வளந்தது. புளியப் போட்டுத் தேய்ச்சீங்கன்னா தோலை உரிச்ச மாதிரி. இனி வளராதுங்க. இதுக்கு இனிச் செம்பு விலைதான்." பெரியவர் டப்பாவை மூடிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். வேறு ஊர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு, பாதி வழியில் தெரிந்து இறங்குகிறவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. என் மடியில் ஆல்பம் இருந்தது. உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு காசு. போன வியாழக்கிழமைதான் ஒன்று விடாமல் துலக்கினோம்.

"எப்பா, தண்ணி குடிக்கியளா? ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" குழலி வந்துவிட்டாள். வேர்க்கத்தான் செய்யும், ஆனி மாசம், மதுரை, கல்யாண மண்டபம், தலைக்கு மேலே ஓடுகிற ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, காற்றைத்தான் காணோம். மேடையில் போன முகூர்த்தத்துப் பிளாஸ்டிக் பூ வளைவைக் கூட அவிழ்க்கவில்லை, அதற்கு அடியில் 'நாணயக் கண்காட்சிக்கு வருக' என்று துணி கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் குடித்தேன். இப்போது சொல்லிவிடலாம். வாயில் தண்ணீர் இருக்கிறது, விழுங்கிவிட்டுச் சொல்லலாம். விழுங்கினேன். அவள் ஆல்பத்தை என் மடியிலிருந்து எடுத்துத் திறந்து, "மின்னுது பாருங்கப்பா, மத்தவங்க கொண்டாந்ததெல்லாம் ஒரே கறுப்பாக் கெடக்கு" என்றாள். ஆமாம், மின்னியது. அதுதான் மின்னுகிறதே, பாவி, கண்ணைக் குத்துகிறதே. செப்பெல்லாம் புதுக் குத்துவிளக்கு மாதிரி. ஏழு வெள்ளி ரூபாயும் விபூதி போட்டுத் தேய்த்தது, அதில் விக்டோரியா ராணியின் கன்னம் வழுவழு என்று இருந்தது. மூக்கு இருந்த இடத்தில் இப்போது மூக்கு கொஞ்சம் கம்மி. நான் இதை இதுவரை பார்க்கவில்லையா? பார்த்தேன். பழசானால் தேயும் என்று நினைத்துக்கொண்டேன். பழசு தேய்க்கவில்லை, நான் தேய்த்தேன். தோல் என்கிறார் அந்த அம்மாள். என்ன சொல் அது. வேறு ஏதாவது சொல்லியிருக்கக்கூடாதா, கறை, பாசி, களிம்பு என்று. தோல் என்றால் அது உயிரோடு இருந்திருக்கிறது என்றல்லவா ஆகிறது. பதினொரு வருஷம் வாராவாரம் உட்கார்ந்து உரித்திருக்கிறேன். அதுவும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு. இருபத்துமூன்று. மைக்கில் கூப்பிடுகிறவர் ஒவ்வொரு நம்பரையும் மூன்று தரம் சொல்கிறார், காது கேட்காதவர்கள்தான் காசு சேர்ப்பார்கள் என்று யாரோ சொல்லி வைத்த மாதிரி.

எல்லாம் என்னால்தான் ஆரம்பித்தது. தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர் என்று என் வண்டி மலை ஏறி இறங்கும். அந்த ரூட்டில் கண்டக்டர் பைக்குள் விழாத காசு கிடையாது. துபாயிலிருந்து வந்தவன் ஒரு ரூபாய் என்று நினைத்து திர்ஹம் கொடுத்துவிட்டு இறங்கிப் போவான். இலங்கைக் காசு வரும். செங்கோட்டை ஒரு காலத்தில் திருவாங்கூர் ராஜாவுடையது, அதனால் அந்தப் பக்கம் பழைய வீட்டு அரிசிப் பானையைக் கவிழ்த்தால் சங்கு போட்ட செப்புக்காசு விழும். குழலிக்கு ஏழு வயசில் அம்மை போட்டது. வேப்பிலைக்கு நடுவில் படுத்துக்கொண்டு, எப்பா எனக்கு ஏதாவது கொண்டாங்க, கொண்டாங்க என்று ஒரே அழுகை. மிட்டாய் கொடுக்கக்கூடாது என்றாள் செண்பகம், என் வீட்டுக்காரி. பையில் இருந்த ஓர் ஓட்டைக் காலணாவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். பிள்ளை அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள், அழுகை நின்றுவிட்டது. அதோடு பிடித்தது பைத்தியம், அவளுக்கா எனக்கா என்று கேட்டால் எனக்குத்தான் முதலில். சில்லறை வாங்கும்போது விரலே பார்த்துக்கொள்ளும், கண் வேண்டாம். வித்தியாசமாக ஒன்று பட்டால் என் சொந்தக் காசைப் பையில் போட்டுவிட்டு அதை மேல்பைக்கு மாற்றிவிடுவேன். வண்டியில் வழக்கமாக வருகிற ஆட்களிடம் கூச்சமில்லாமல் கேட்பேன், வீட்டில் பழைய துட்டு கிடந்தால் கொண்டாங்க, என் மகளுக்கு. ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து தருவார்கள், காசு வாங்கமாட்டார்கள். பிள்ளைக்குத்தானே அண்ணாச்சி என்பார்கள். எத்தனை பேர் கொடுத்தார்கள்! அவர்கள் கொடுக்கும்போது எல்லாம் கறுப்பாகத்தான் இருந்தது. கறுப்பு, பச்சை, சிலதில் நீலம் கூடப் பூத்திருந்தது, நல்ல அழகு என்று கூட ஒரு தரம் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன், நினைத்துக்கொண்டே புளியைக் கரைத்தேன். எங்கள் வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் விளக்குத் துலக்குவது வழக்கம், வெள்ளிக்கிழமை பூஜைக்கு. துலக்குகிற கையோடு காசையும் துலக்குவோம். செம்பு என்றால் புளியும் உப்பும் தேங்காய் நாரும். வெள்ளி என்றால் விபூதி. குழாயடிக் கல்லில் நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பிறகு பழைய வேட்டித் துணியில் துடைத்து வெயிலில் காயவைப்பாள். செண்பகம் பிளாஸ்டிக் தாளை வெட்டி, இஸ்திரிப் பெட்டி சூட்டில் ஓரம் ஒட்டி, காசு காசாகப் பை செய்துகொடுப்பாள். ஆயுத பூஜைக்கு என் டிக்கெட் மெஷினுக்குப் பக்கத்தில் காசையும் வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். விக்டோரியா ராணி நெற்றியில் பொட்டு. "ராணியம்மா சுமங்கலியாப்பா?" என்று கேட்டாள் ஒரு வருஷம். எனக்கு எங்கே தெரியும்.

பள்ளிக்கூடக் கண்காட்சியில் முதல் பரிசு. எதற்குக் கொடுத்தார்கள்? மின்னியதற்கு. வந்த அதிகாரி, பேர் மறந்துவிட்டது, தடித்த மனுஷன், "நேத்து அடிச்ச காசு மாதிரில்ல இருக்கு" என்று சொல்லி அவள் தலையைத் தடவினார். நான் பின்னால் யூனிஃபாரத்தோடு நின்றுகொண்டிருந்தேன், டூட்டிக்கு நடுவில் ஓடி வந்தது. அழுதுவிட்டேன் என்று சொல்வதில் வெட்கம் இல்லை. நின்றே காலம் போன ஆள் நான், என் மகள் ஒரு மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், ஊர் அவளைப் பார்க்க வரிசையில் நின்றது. அன்றைக்கே சொல்லிவிட்டேன், இதுதான் உன் சொத்து, இதை வைத்து நீ எது வேணாலும் படி. சொல்லியிருக்கக்கூடாது. சொன்னேன், சொன்னதோடு விடவில்லை, ஒரு நோட்டு வாங்கி காசுக்குக் காசு விலை எழுதி வைத்தேன், போனில் ஒருத்தன் வீடியோவுக்கு வீடியோ கத்துவான், இந்தக் காசு உங்க வீட்டுல இருக்கா, நீங்க லட்சாதிபதி என்று. அதைக் கேட்டு எழுதினது பாதி, நானாக எழுதினது பாதி. மூன்று லட்சத்துக்குக் குறையாது என்றேன். அவள் நம்பினாள். ஏழு வயசிலிருந்து அப்பா சொன்னால் நம்புகிற பிள்ளை, பதினெட்டில் மட்டும் எப்படி நம்பாமல் இருக்கும். காசை லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த ஆசையே வந்தது. கண் பரிசோதனைப் படிப்பு, சென்னையில் ஒரு கல்லூரி, நாலு வருஷம். "நாற்காலியில உக்காந்து செய்யுத வேலைப்பா" என்றாள், எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே சொன்னாள், கள்ளி. இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். இன்றைக்குச் சனி. உள்ளூர் அரசு கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறேன் என்றாள், ஒரு பாதுகாப்புக்கு. நான்தான் வேண்டாம் என்றேன். "எதுக்கு? நம்மகிட்ட இல்லாததா?" என்றேன். அந்தத் தேதி போன மாசமே முடிந்துவிட்டது. இருபத்தைந்து. இருபத்துநான்கு எப்போது போனது?

சொல்லிவிடு, சொல்லிவிடு கொம்பையா. என் பெயரை நானே கூப்பிட்டுச் சொல்கிறேன், அப்போதாவது கேட்கிறதா பார்ப்போம் என்று. சொல்லாமல் இருக்கவும் வழி இருக்கிறது. நெஞ்சு வலிக்கிறது என்று சாய்ந்துவிடலாம். டிக்கெட் எடுக்காமல் வந்தவன் செக்கிங் ஏறினதும் நெஞ்சைப் பிடிப்பான், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், பொய் நெஞ்சுவலிக்காரன் இடது கையால் வலது பக்கத்தைப் பிடிப்பான், அவசரத்தில். எனக்கு எது எந்தப் பக்கம் என்று தெரியும், சரியாகவே பிடிப்பேன். பிடித்து என்ன. பிள்ளை பயந்து போவாள், ஆட்டோ பிடிப்பாள், பெரியாஸ்பத்திரியில் என்னைப் படுக்கவைப்பாள், அதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். திங்கட்கிழமைக்கு நெஞ்சு வலிக்காது, அது பாட்டுக்கு வரும். ஒருவேளை எங்கள் காசில் அந்த அம்மாள் கண்டுபிடிக்காமல் போகலாம். அந்தப் பெரியவர் மட்டமாகத் துலக்கியிருப்பார், நாங்கள் பக்குவமாகச் செய்தோம். சீ, திருடன் கூட இப்படி யோசிக்கமாட்டான். வேறு ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் சுற்றிச் சுற்றி வருகிறேன், கிட்டே போகாமல். அவளுக்குப் பத்து வயசு. பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஓர் இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்தாள், சேகரிப்புப் பழக்கங்கள் பற்றியது, படம் போட்டது. குழாயடிக் கல்லில் நான் புளியைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் ஒரு வரி மேல் விரலை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள், படித்துவிட்டு, "எப்பா, பழைய காசைக் கழுவவே கூடாதுன்னு இதுல போட்டிருக்கே" என்றாள். நான் என்ன சொன்னேன்? "வெள்ளைக்காரன் எழுதினதுதான? அவனுக்குப் புளியத் தெரியுமா, விபூதியத் தெரியுமா? கை கழுவவே காகிதத்த தேடுத பய, காசையா கழுவப் போறான்?" என்றேன். செண்பகம் அடுப்படியிலிருந்து சிரித்தாள். பிள்ளையும் விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல ஜோக். டிப்போவில் போய்ச் சொன்னேன், டிரைவர் முதற்கொண்டு எல்லாரும் சிரித்தார்கள். ஜோக் நன்றாக அமைந்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, யாரும் திரும்பக் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நாரைக் கையில் எடுத்தாள்.

அவளுக்கு அது ஞாபகம் இருக்குமா? எட்டு வருஷம். பத்து வயசில் கேட்ட ஆயிரம் கேள்வியில் அது ஒன்று. எனக்கு என் பத்து வயசு என்ன ஞாபகம் இருக்கிறது, அப்பா என்னை அடித்த நாள் ஞாபகம் இருக்கிறது, அவர் பொய் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறது. அப்பன் பொய்யைப் பிள்ளை மறக்காது. ஆனால் நான் சொன்னது பொய் இல்லையே. தெரியாமல் சொன்னது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னது. அதற்கு என்ன பேர்? இருபத்தேழு. ஒரு காசையாவது கழுவாமல் விட்டிருக்கிறோமா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மனசுக்குள்ளேயே ஆல்பத்தைப் புரட்டுகிறேன். ஓட்டைக் காலணா, அதைத்தான் அதிகம் தேய்த்தது, ஓட்டைக்குள் திரி போட்டு இழுத்து. சங்குக்காசு எல்லாம், ஐயோ, சங்கின் வரியெல்லாம் போய் வழுக்கை விழுந்த மாதிரி. போன வியாழக்கிழமை மூன்று மணி நேரம், செண்பகமும் வந்து உட்கார்ந்தாள், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் பெண்ணுக்குப் பவுடர் போடுகிற மாதிரி மூன்று பேரும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். ஒன்று கூட விட்டுப்போகக்கூடாது என்று குழலி லிஸ்ட் வைத்து டிக் அடித்தாள். விட்டுப்போகவில்லை. நல்ல பிள்ளை, கவனமான பிள்ளை, என் பிள்ளை.

போன் அடிக்கிறது, செண்பகம். "என்னங்க, ஆச்சா? என்ன சொன்னாவ?" "இன்னும் கூப்பிடல." "சாப்டியளா? அவளுக்குப் பசி தாங்காது. கட்டிக் குடுத்த இட்லி இருக்கா?" "இருக்கு." "சாமிக்கு முடிஞ்சு வச்சிருக்கேன். நல்லபடியா நடக்கும்." அவளிடம் சொல்லலாம், போனிலேயே சொல்லலாம், அவளிடம் சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கும், ஆனால் அவள் அழுவாள், அழுகைச் சத்தம் போனுக்கு வெளியில் கேட்கும், குழலி கேட்பாள். "வைக்கேன்" என்றேன். செண்பகத்தின் அண்ணன் மகள் இரண்டு பேர் திருநெல்வேலியில் ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது, நாற்காலி கிடையாது, சாய்ந்தால் கேமராவில் பார்த்துச் சத்தம் போடுவார்களாம். மூத்தவளுக்கு இருபத்திரண்டு வயசு, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறது, எனக்கு நாற்பதில் வந்தது அவளுக்கு இருபத்திரண்டில். காசு விலை போகாவிட்டால் அங்கே ஓர் இடம் இருக்கிறது, மச்சான் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார். ஒரு வருஷம் நிக்கட்டுமே, அடுத்த வருஷம் படிக்கட்டும் என்பார்கள். அடுத்த வருஷம் என்று ஒன்று வந்து யாரும் படித்ததை நான் பார்த்ததில்லை. ஒரு வருஷம் என்றுதான் நானும் டெம்பரவரியில் ஏறினேன். "எப்பா," குழலி என் கையைத் தொட்டாள், "முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு? பயப்படுதியளா? கொறச்சுச் சொன்னாலும் பரவால்லப்பா. மொத வருசத்துக்குக் காணும்லா, பெறவு பாத்துக்கிடுவோம்." இதுதான் நேரம். அவளே வாசலைத் திறந்துவிட்டாள். "இல்ல குழலி," என்றேன். "என்னப்பா?" "ஒண்ணு சொல்லணும்." "சொல்லுங்க." அவள் கண்ணைப் பார்த்தேன். ஏழு வயசில் அந்த ஓட்டை வழியாகப் பார்த்தாளே, வேப்பிலைக்கு நடுவில், என்னை என்னவோ பெரிய ஆள் மாதிரி, அதே பார்வை இன்னும் மிச்சம் இருக்கிறது, வேறு யாரும் இந்த உலகத்தில் என்னை அப்படிப் பார்ப்பது கிடையாது. "இட்லி சாப்பிடுதியா?" என்றேன். "முடிச்சுட்டுச் சாப்பிடுவோம்ப்பா" என்று சிரித்தாள். இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது. சரி, மேசையில் சொல்லிக்கொள்ளலாம். அந்த அம்மாள் கேட்பார், கேட்டதும் சொல்லிவிடுவேன். அதுதான் முறையும் கூட. தெரியாத ஆள் முன்னால் சொல்வது லேசு. நான்தாம்மா கழுவினேன், பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, அவ அப்பவே சொன்னா, நான்தான் கேக்கல. இதை மனசுக்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன், ஸ்டாப் பேர் மாதிரி வாயில் படிந்துவிட்டது. முப்பதாம் டோக்கன்காரர் வரவில்லை. மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். எட்டு நிமிஷம் கணக்கில் குறைந்துவிட்டது.

குழலி உட்கார்ந்தாள், நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன், இரண்டாவது நாற்காலி இருந்தும் நின்றேன், பழக்கம். அந்த அம்மாள் ஆல்பத்தைத் தன் பக்கம் திருப்பி முதல் பக்கத்தைத் திறந்ததுமே கை நின்றுவிட்டது. பிறகு பக்கம் பக்கமாகப் பார்த்தார், பார்க்கவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, மரியாதைக்காகத்தான் பார்த்தார் என்று எனக்குத் தெரிந்தது. சங்குக்காசு வரிசையில் இரண்டை மட்டும் வெளியில் எடுத்து லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "எங்க கண்ணு கிடைச்சுது இது?" "அப்பா வண்டியில வர்ற ஒரு அக்கா குடுத்தாவ மேடம். அவுங்க வீட்டுப் பானையில இருந்ததாம்." "இதுல ஒண்ணு தேடி நான் பதினஞ்சு வருசமாச் சுத்திட்டிருக்கேன். இந்த ரெண்டு மட்டும் கழுவாம இருந்திருந்தா, நீ கேக்கற விலைய நானே குடுத்து வாங்கியிருப்பேன் கண்ணு. வேற எதையும் விக்கவே வேண்டியதில்ல." குழலியின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது, அப்படியே நின்றது. "கழுவினா என்ன மேடம்?" என்றாள். அந்த அம்மாள் சொன்னார், பெரியவரிடம் சொன்னதையே சொன்னார், தோல் என்ற சொல் வந்தது, செம்பு விலை என்ற சொல் வந்தது. வெள்ளி ரூபாய்க்கு வெள்ளி விலை கிடைக்குமாம். மொத்தமாகச் சேர்த்தால் ஒரு மாச ஹாஸ்டலுக்குக் காணும். பிறகு கேட்டார், குழலியைப் பார்த்துக் கேட்டார், ஆல்பம் அவள் கைக்கு எதிரில் இருந்ததால் இருக்கும்: "யாரு கண்ணு இத்தனையும் தேய்ச்சது?" இதோ. இதுதான். என் வாக்கியம் தயாராக இருந்தது, நான்தாம்மா என்று ஆரம்பிக்கிறது, நாக்கு நுனியில் நான் என்ற சொல் வந்து நின்றது, வாயைத் திறந்தேன், திறந்த வாயிலிருந்து வந்ததைக் கேட்டேன், யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி கேட்டேன்: "சின்னப் பிள்ளையில தெரியாம செஞ்சுட்டாம்மா. வெளையாட்டுப் புத்தி. நான் டூட்டிக்குப் போன நேரத்துல புளியப் போட்டுத் தேச்சிருக்கா." நிதானமான குரல். செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் விளக்கம் சொல்கிற குரல். டூட்டிக்குப் போன நேரத்தில் என்று எதற்குச் சேர்த்தேன்? யாரும் அதைக் கேட்கவில்லையே.

குழலி திரும்பி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, கோபமாக இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். ரொம்ப நேரம் பார்க்கவும் இல்லை. மேசைப் பக்கம் திரும்பிவிட்டாள். "ஆமா மேடம், நாந்தான் தேச்சேன்" என்றாள். அந்த அம்மாளுக்கு மனசு இளகிவிட்டது, கையை நீட்டி அவள் கையைத் தட்டினார். "அழுவாத கண்ணு. சின்னதுல எல்லாருஞ் செய்யறதுதான். ஆனா வீட்டுல பெரியவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?" அவள் அழவில்லை. எதற்கு அழுவாதே என்றார் என்று தெரியவில்லை. நான் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், காலையில் மூன்றரை மணிக்கு எழுந்து செண்பகம் பின்னிவிட்ட பின்னல், ஒரு முடி கூட விலகவில்லை. இப்போதாவது சொல்லலாம், இன்னும் முடியவில்லை, இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறாள். "கேக்கல மேடம்" என்றாள் குழலி. பத்து வயசில் விரல் வைத்துப் படித்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது, மண்டபத்துக்குள் நுழையும்போதே இருந்திருக்கும், ஒருவேளை அப்பா சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்து வந்திருப்பாள். இரண்டு காசையும் வாங்கி அதனதன் பைக்குள் போட்டாள், ஓரத்தை விரலால் நீவினாள், ஆல்பத்தை மூடினாள், அந்த அம்மாளுக்குக் கும்பிடு போட்டாள். மைக்கில் முப்பத்திரண்டு என்றார்கள். "வாங்கப்பா, அடுத்தவங்க நிக்காவ." ஆல்பம் கனம், எப்போதும் நான்தான் தூக்குவேன். கையை நீட்டினேன். "வேண்டாம்ப்பா," என்றாள், "நானே வச்சுக்கிடுதேன்."